மழைத் துணி தைக்கப் போறீங்களா, நூல கடைசியா முடிவு பண்ணுங்க

டென்ட், தார்ப்பாய், ரெயின் ஜாக்கெட், பேக்பேக் கவர்னு சொந்தமா தைக்க ஆரம்பிக்கறவங்க எல்லாரும் முதல்ல கேக்கறது ஒன்னுதான், வாட்டர்ப்ரூஃப் நூல் எது, எந்த நம்பர் வாங்கணும். கேக்க வேண்டிய கேள்விதான், ஆனா அது வரிசைல கடைசியா வரணும்னு நான் நினைக்கறேன். தையல் வழியா தண்ணி உள்ள வர மூணு வழி இருக்கு. ஊசி குத்துன ஓட்டை ஒன்னு, அந்த ஓட்டைக்குள்ள உக்காந்திருக்கற நூல் தண்ணிய உறிஞ்சி உள்பக்கம் கொண்டு வர்றது இன்னொன்னு, ரெண்டு துணி சேர்ற மடிப்புக்குள்ள இருக்கற இடுக்கு மூணாவது. எவ்வளவு நல்ல நூல் வாங்குனாலும் அது ரெண்டாவது வழிய மட்டும்தான் குறைக்கும், மத்த ரெண்டும் அப்படியே திறந்து கிடக்கும்.

அதனால நான் பின்னாலருந்து முன்னால வர்ற ஆளு. முதல்ல துணி மேல என்ன கோட்டிங் இருக்குன்னு பார்ப்பேன், அதுக்கு எந்த சீலர், அதாவது தையல் மேல பூசி ஓட்டைய அடைக்கற பசை, ஒட்டும்னு முடிவு பண்ணுவேன், அந்த சீலருக்கு ஏத்த தையல் எதுன்னு யோசிப்பேன், அப்புறம் ஊசி, அதுக்கப்புறம் நூல். இந்த வரிசைய மாத்துனா என்ன ஆகும்னா, அழகா மடிச்சு ரெட்டைத் தையல் போட்டு முடிச்சுட்டு பார்த்தா தையல மூட மேல ஒட்டற டேப் அந்த மேட்டு மேல உக்காராது, இல்லன்னா வாங்கி வெச்ச சீலர் காஞ்சதும் தோல் மாதிரி முழுசா உரிஞ்சு வரும். தச்ச துணிய பிரிச்சாலும் ஓட்டை ஓட்டையாவேதான் இருக்கும், கோட்டிங் போட்ட துணில குத்துன இடம் திரும்ப மூடாது.

சரி, கோட்டிங். வெளில பயன்படுத்தற துணில ரெண்டு வகைதான் அதிகம். ஒன்னு பி.யு., அதாவது பாலியூரிதேன், பெரும்பாலும் உள்பக்கம் மட்டும் பூசியிருக்கும், ஆக்ஸ்ஃபோர்டு துணி, கார்டுரா, சாதாரண டென்ட் துணி எல்லாம் இந்த ரகம். இன்னொன்னு சிலிகான், நைலான்லயோ பாலியஸ்டர்லயோ ரெண்டு பக்கமும் ஊற வெச்ச மாதிரி இருக்கும், சில்நைலான், சில்பாலின்னு சொல்றது இதத்தான், கைல எடுத்தா வழுக்கிட்டு ஓடும். ஒரு பக்கம் சிலிகான் இன்னொரு பக்கம் பி.யு.ன்னு கலந்தும் வருது, அதுலதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. கண்டுபிடிக்கறது ஈசி. சாதாரண செலோடேப் ஒரு துண்ட ரெண்டு பக்கமும் ஒட்டிப் பாருங்க. சிலிகான் பக்கத்துல டேப் பேருக்குத்தான் ஒட்டும், தொட்டா வந்துடும், பி.யு. பக்கத்துல கொஞ்சமாவது பிடிச்சு நிக்கும். சந்தேகம் இருந்தா வெட்டுன துண்டுல வாங்கி வெச்சிருக்கற சீலர ஒரு சொட்டு தடவி, ஒரு நாள் காயவிட்டு, நகத்தால சுரண்டிப் பாருங்க. சுரண்ட சுரண்ட வரலன்னா ஓகே, ஓரம் எழும்பி மொத்தமா வந்துட்டா அந்த சீலர் அந்த துணிக்கு இல்ல. சிலிகான் மேல சிலிகான் மட்டும்தான் ஒட்டும், இத மட்டும் மனசுல வெச்சுக்கோங்க.

சிலிகான் துணிக்கு கடைல கிடைக்கற ட்ரான்ஸ்பரன்ட் சிலிகானே போதும், காயும்போது வினிகர் வாடை வருமே அந்த ரகம், ஆனா நூறு சதவீதம் சிலிகான்னு போட்டிருக்கணும், மேல பெயின்ட் அடிக்கலாம்னு எழுதியிருக்கற அக்ரிலிக் கலந்த ட்யூப எடுக்காதீங்க. அத அப்படியே பூசுனா கட்டி கட்டியா நிக்கும், பெயின்ட் கரைக்கற மினரல் ஸ்பிரிட் கலந்து பிரஷ்ல எடுத்தா மெதுவா வழியற பதத்துக்கு கொண்டு வரணும், ஒரு பங்கு சிலிகானுக்கு ரெண்டு மூணு பங்கு வரைக்கும் கலக்கறாங்க. தண்ணியா இருந்தாதான் அது நூல் இழைக்குள்ளயும் ஓட்டைக்குள்ளயும் இறங்கும், மேல கோடு போட்ட மாதிரி நின்னா பிரயோஜனம் இல்ல. ஜன்னல திறந்து வெச்சுக்கோங்க, பக்கத்துல நெருப்பு கூடாது, கொஞ்சம் கொஞ்சமா கலக்குங்க, ஏன்னா காத்துல இருக்கற ஈரத்த எடுத்துதான் அது இறுகும், கலக்குன கிண்ணத்துலயே இறுக ஆரம்பிச்சுடும். பி.யு. துணிக்கு பாலியூரிதேன் சீலர், சீம் க்ரிப் மாதிரி, கோட்டிங் இருக்கற பக்கம் பூசணும்.

எந்த சீலரா இருந்தாலும் டென்ட்ட இழுத்துக் கட்டி, தையல் விறைப்பா நிக்கும்போது பூசுங்க. தரைல விரிச்சு தளர்வா வெச்சு பூசுனா, அப்புறம் கட்டி இழுக்கும்போது ஓட்டை நீளவாக்குல விரியும், சீலர் விரியாம ஓரத்துல பிளந்துடும். பூசறதுக்கு முன்னாடி ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால துடைச்சுடணும், விரல் எண்ணெய், மிஷின் ஆயில் எதுவும் இருக்கக் கூடாது. நல்லா காஞ்சதும் மேல கொஞ்சம் டால்கம் பவுடர் தூவித் துடைச்சா மடிச்சு வைக்கும்போது ஒன்னோட ஒன்னு ஒட்டாது.

டேப் வேற கதை. கடைல வாங்கற ரெயின் ஜாக்கெட்ட உள்பக்கமா திருப்பிப் பாருங்க, ஒவ்வொரு தையல் மேலயும் ரெண்டு செ.மீ. அகலத்துக்கு பளபளன்னு ஒரு பட்டை ஓடும், ஃபேக்டரில சூடான காத்து அடிச்சு உருளைல அழுத்தி ஒட்டுறது அது. வீட்ல அயர்ன் பாக்ஸ்ல ஒட்டற ரகமும் கிடைக்குது, மேல ஒரு பருத்தித் துணி வெச்சு, குறைஞ்ச சூட்ல, ஒரே இடத்துல அழுத்திப் பிடிச்சு நகர்த்தணும், தேய்க்கக் கூடாது. பி.யு. பக்கத்துலயும், வெளித்துணி, நடுவுல தண்ணி தடுக்கற படலம், உள்துணின்னு மூணையும் ஒட்டுன மூணு லேயர் ஜாக்கெட் துணியோட உள்பக்கத்துலயும் ஒட்டும், ஆனா மூணு லேயருக்கும் ரெண்டு லேயருக்கும் டேப் வேற வேற, பார்த்து வாங்கணும். சிலிகான்ல ஒட்டவே ஒட்டாது. முக்கியமா டேப் போடறதா இருந்தா தையல் தட்டையா இருக்கணும், சாதாரண ஒத்தைத் தையல் போட்டு ஓரத்த குட்டையா வெட்டி ஒரு பக்கமா சாய்ச்சுட்டா போதும். நாலு மடிப்பு வெச்ச தையல் மேல டேப் போட்டா மேட்டோட ரெண்டு ஓரத்துலயும் நீளமா ஒரு காத்துக் குழாய் நிக்கும், தண்ணி அதுக்குள்ள பூந்து தையலோட நீளத்துக்கும் ஓடி எங்கயோ ஒரு மூலைல சொட்டும், ஒழுகற இடம் ஒன்னு, ஓட்டை இருக்கற இடம் இன்னொன்னுன்னு தேடித் தேடி அலைய வேண்டியதுதான்.

டேப் இல்லாம சீலர் பூசற துணிக்கு ஃபெல்டு தையல்தான் என் தேர்வு, ஜீன்ஸ் கால் ஓரத்துல ரெட்டைக் கோடா வருமே அதே தையல். ரெண்டு துணியோட ஓரமும் ஒன்னுக்குள்ள ஒன்னு கோத்து மடிஞ்சு, ரெண்டு வரித் தையல் நாலு அடுக்கையும் பிடிச்சுக்கும். ஃப்ரெஞ்ச் தையலும் நல்லாத்தான் இருக்கும், பிசிறு உள்ள மறைஞ்சுடும், தைக்கறதும் சுலபம், ஆனா இழுவை மொத்தமும் ஒரே வரித் தையல்ல விழும், இழுத்துக் கட்டுனா அந்த வரியோட ஓட்டைகள் வாய் திறக்கும். கூடாரத்தோட உச்சிக் கோடு மாதிரி இழுவை அதிகமா இருக்கற இடத்துல அது வேண்டாம், பை, உறை, ஜாக்கெட் பாக்கெட் இதுக்கெல்லாம் தாராளமா போடலாம்.

இப்ப நான் ரொம்ப முக்கியமா நினைக்கற விஷயம், மடிப்பு எந்தப் பக்கம் பார்க்குதுங்கறது. ஃபெல்டு தையல வெளிப்பக்கம் இருந்து பார்த்தா மடிப்போட விளிம்பு ஒரு சின்ன உதடு மாதிரி தெரியும். அந்த விளிம்பு மேல் பார்த்து இருந்தா வழிஞ்சு வர்ற தண்ணி எல்லாம் அதுல தேங்கி, தையல் வரி மேலயே நின்னு, நேரம் எடுத்துக்கிட்டு மெதுவா உள்ள இறங்கும். அதே விளிம்பு கீழ் பார்த்து இருந்தா தண்ணி மேலயே வழிஞ்சு போயிடும், ஓட்டு வீட்டுக் கூரைல மேல் ஓடு கீழ் ஓட்டு மேல ஏறி உக்காந்திருக்கற கணக்குதான். இதுக்கு ஒரு பைசா செலவில்ல, ஒரு கிராம் எடை கூடாது, துணிய பின் பண்றதுக்கு முன்னாடி எது மேல் துண்டு எது கீழ் துண்டுன்னு சாக்பீஸ்ல ஒரு அம்புக்குறி போட்டுக்கிட்டா போதும். இத கவனிக்காம தச்ச டென்ட்டுக்கு எத்தன கோட் சீலர் அடிச்சாலும் சீலருக்கு அது தேவையில்லாத சுமை. அதே மாதிரி தையலே வராத மாதிரி வெட்ட முடியுமான்னு பாருங்க. ஜாக்கெட்டோட தோள் உச்சில தையல் வராம முன்னாடியோ பின்னாடியோ தள்ளி வைக்கலாம், பேக்பேக் பட்டை உக்கார்ற இடமும் அதான், அங்க அழுத்தமும் தேய்மானமும் சேர்ந்து முதல்ல போறது அந்த டேப்தான். டென்ட் தரைத் துணிய பக்கவாட்டுல 10 இல்ல 15 செ.மீ. மேல ஏத்தி தொட்டி மாதிரி ஆக்கி, சுவரோட சேர்ற தையல அங்க வெச்சுட்டா தேங்குற தண்ணி தையல தொடவே தொடாது.

இனிமே ஊசி. ஊசி நம்பர் 80ன்னா அதோட தடிமன் 0.8 மி.மீ., 100ன்னா 1 மி.மீ., ஓட்டையும் கிட்டத்தட்ட அதே கணக்குதான். அதனால நூல் தாராளமா ஓடற அளவுக்கு எது மெலிசான ஊசியோ அதுதான் சரியான ஊசி. இத பார்க்க ஒரு வழி இருக்கு. ஒரு முழம் நூல ஊசில கோத்து, ரெண்டு முனையையும் விறைப்பா பிடிச்சு, ஒரு கைய உயர்த்தி சாய்வா வைங்க. ஊசி தன் எடையிலயே நூல் மேல சறுக்கி இறங்கணும். நடுவுல மாட்டிக்கிட்டு நின்னா ஊசி சின்னது, சட்டுன்னு விழுந்துட்டா பெருசு. மெலிசான டென்ட் துணிக்கு 70 இல்ல 80, நடுத்தர துணிக்கு 90, கார்டுரா மாதிரி தடிச்ச துணிக்கு 100, 110. முனை கூர்மையா இருக்கற மைக்ரோடெக்ஸ் ரகம் எடுங்க, நெருக்கமா நெய்த கோட்டிங் துணில முனை உருண்டையா இருக்கற பால்பாயின்ட் ஊசி துணிய தள்ளி சுருக்கும். லெதர் ஊசி மட்டும் கூடவே கூடாது, அதோட முனை கத்தி மாதிரி கிழிச்சுட்டுப் போகும், குத்துன ஓட்டைய நூல் ஓரளவு நிரப்பும், கிழிச்ச கீறல நிரப்பாது.

தையல் நீளத்த பத்தி ஒரு கணக்கு போட்டு பாருங்க. 2 மி.மீ. நீளத்துல தச்சா ஒரு மீட்டருக்கு 500 ஓட்டை, 3 மி.மீ.ன்னா 333, 4 மி.மீ.ன்னா 250. ரெட்டைத் தையல்னா இது ரெண்டு மடங்கு. நெருக்கமா தச்சா பலம்னு சட்டை தைக்கும்போது வர்ற பழக்கம் இங்க உதவாது, துணியே அந்த வரில கிழிய ஆரம்பிக்கும். மெலிசுக்கு 3 கிட்ட, தடிச்சதுக்கு 4 கிட்ட வைங்க. தொடக்கத்துலயும் முடிவுலயும் முன்னும் பின்னும் ஓட்டறத முடிஞ்சவரைக்கும் ஓரத்துல வெட்டிப் போற பகுதில பண்ணிடுங்க. குண்டூசிக்கு பதிலா க்ளிப், இல்லன்னா மடிப்புக்குள்ள மெலிசான ரெட்டைப் பக்க டேப். அந்த டேப் தைக்கற வரைக்கும் துணிய பிடிச்சு வைக்கறதோட மடிப்பு இடுக்கயும் கொஞ்சம் அடைக்கும், பசை ஊசில ஏறுனா ஆல்கஹால் தொட்டு துடைச்சுட்டு தைங்க. சில்நைலான்ல மேல் துணி ஒரு வேகம் கீழ் துணி ஒரு வேகமா நகரும், மேல் துணியையும் சேர்த்து நகர்த்தற வாக்கிங் ஃபுட் இருந்தா போடுங்க, இல்லன்னா ஃபுட்டுக்கு முன்னாடி ஒரு கையும் பின்னாடி ஒரு கையும் வெச்சு துணிய விறைப்பா பிடிச்சுக்கிட்டே ஓட்டணும், இழுக்கக் கூடாது, பிடிச்சாலே போதும், இழுத்தா ஊசி வளையும். மேல் நூல் டென்ஷனும் பாபின் டென்ஷனும் ரெண்டுமே கொஞ்சம் தளர்த்திக்கோங்க, சுருங்குன தையல் மேல எந்த சீலரும் சமமா உக்காராது.

ஒரு வழியா நூலுக்கு வந்தாச்சு. பருத்தி நூலுக்கு ஒரு நல்ல குணம் உண்டு, நனைஞ்சா உப்பி ஓட்டைய தானே அடைக்கும். பழைய கேன்வாஸ் டென்ட்டெல்லாம் அந்த நம்பிக்கைலதான் ஓடுச்சு, புதுசா வாங்குன கேன்வாஸ நல்லா நனைச்சு காயவிட்டு அப்புறம் எடுத்துட்டு போகச் சொல்றதும் அதுக்குத்தான். இரண்டாம் உலகப் போர் சமயத்துல இங்கிலாந்துல மான்செஸ்டர் ஷர்லி இன்ஸ்டிட்யூட்ல உருவாக்குன வென்டைல் துணியும் அதே தத்துவம், கோட்டிங்கே இல்லாம நெருக்கமா நெய்த பருத்தி, கடல்ல விழற விமானிகளோட உடைக்காக செஞ்சது. ஆனா பருத்தி நூல் ஈரத்துலயே இருந்தா பூஞ்சை பிடிச்சு இத்துப் போகும். அதனால கேன்வாஸுக்கு உள்ள பாலியஸ்டர், மேல பருத்தி சுத்துன கோர்ஸ்பன் நூல் நல்லது, மேல இருக்கறது உப்பும், உள்ள இருக்கறது தாங்கும். சிந்தெடிக் துணிக்கு அது தேவையில்ல, ஈரத்த இழுத்து உள்ள கொண்டு வர்றதுதான் மிச்சம்.

நைலானா பாலியஸ்டரான்னா, வெளில வெயில்ல கிடக்கற எதுக்கும் பாலியஸ்டர். நைலான் பலம் அதிகம், நல்லா இழுபடும், தேய்மானமும் தாங்கும், ஆனா வெயில் அத சீக்கிரம் தின்னுடும், போதாததுக்கு சாதாரண காத்துலயே தன் எடைல சுமார் 4 சதவீதம் ஈரம் எடுத்துக்கும், பாலியஸ்டர் 0.4 சதவீதம்தான். மழைல நைலான் டென்ட் தொய்யறது இதனாலதான், துணி தொய்யட்டும், இழுத்துக் கட்டிக்கலாம், நூலும் சேர்ந்து தொய்ய வேண்டாம்.

பாலியஸ்டர்லயே எந்த ரகம்ங்கறது ரொம்ப முக்கியம், இத நிறைய பேர் பார்க்கறதில்ல. சட்டை தைக்கற சாதாரண நூல் ஸ்பன் பாலியஸ்டர். வெளிச்சத்துக்கு எதிர்ல பிடிச்சுப் பாருங்க, ஓரமெல்லாம் முடி முடியா நிக்கும். ஒரு துண்டு எடுத்து முறுக்க எதிர்ப்பக்கமா பிரிச்சு மெதுவா இழுங்க, பஞ்சு மாதிரி பிரிஞ்சு வந்துடும், ஏன்னா அது குட்டைக் குட்டை இழைகள சேர்த்து முறுக்குனது. அந்த முடிகளுக்கு நடுவுல இருக்கற இடைவெளிதான் தண்ணி ஏறி வர்ற பாதை. ஃபிலமென்ட் நூல அதே மாதிரி பிரிச்சா நீள நீளமா வழவழன்னு இழைங்க வரும், இழுத்தாலும் அறுக்கத்தான் வேணும். மழைத் துணிக்கு ஃபிலமென்ட், அதுலயும் பாண்டட்னு வர்ற, இழைங்கள பிசின் பூசி ஒட்டுன ரகம் கிடைச்சா இன்னும் நல்லது. தண்ணி ஏறாம இருக்க தனியா மருந்து போட்ட ஆன்ட்டி-விக் நூலும் இருக்கு, கிடைச்சா சந்தோஷமா வாங்குங்க, ஆனா அது இருக்குன்னு சீலர விட்டுடாதீங்க.

தடிமன டெக்ஸ் கணக்குல பாருங்க, 1000 மீட்டர் நூல் 30 கிராம்னா டெக்ஸ் 30, 70 கிராம்னா டெக்ஸ் 70. நம்பர் கூடுனா தடிமன் கூடும். நூல் தடிமனுக்கு போடற இன்னொரு கணக்கான டிக்கெட் நம்பர் தலைகீழ், 120 மெலிசு, 40 தடிசு. மெலிசான டென்ட் துணிக்கு டெக்ஸ் 30, நடுத்தரத்துக்கு 40, பேக்பேக்குக்கு 70, வி-69ன்னு எழுதியிருக்கறதும் இந்த 70தான். வீட்டு மிஷின் பெரும்பாலும் இதோட நின்னுடும், டெக்ஸ் 90, 135 எல்லாம் பெரிய மிஷின் வேலை. பலமா இருக்கட்டுமேன்னு மெலிசு துணிக்கு தடிச்ச நூல் போடாதீங்க, நூல் அறாது, துணிதான் கிழியும், அறுந்த தையல திரும்ப போடலாம், கிழிஞ்ச துணிய என்ன பண்றது.

டெனாரா மாதிரி பி.டி.எஃப்.இ., அதாவது டெஃப்லான் ரக நூல் ஒன்னு இருக்கு, படகு உறை, நிரந்தரமா வெயில்ல நிக்கற பந்தல் துணிக்கெல்லாம் போடறது. வெயில் அத ஒன்னும் பண்ணாது, துணி போனாலும் நூல் நிக்கும். ஆனா பயங்கரமா வழுக்கும், டென்ஷன் பிடிக்காது, முடிச்சு நிக்காது, அதே தடிமன் பாலியஸ்டர விட பலமும் கம்மி, விலையும் அதிகம். ஒரு வாரம் வெளில ரெண்டு மாசம் அலமாரிலன்னு இருக்கற டென்ட்டுக்கு இது தேவையே இல்ல.

எதையும் முழு டென்ட்ல போடறதுக்கு முன்னாடி அதே துணி, அதே நூல், அதே சீலர் வெச்சு ஒரு சின்னப் பை தைங்க, தையல் அடில வர்ற மாதிரி. சீலர் காஞ்சதும் அதுல 10 செ.மீ. உயரத்துக்கு தண்ணி ஊத்தி, கீழ ஒரு பேப்பர் போட்டு ராத்திரி முழுக்க தொங்க விடுங்க. துணிக்கு 1500 மி.மீ., 3000 மி.மீ.ன்னு போடறாங்களே, அது தண்ணித் தூணோட உயரம்தான், நீங்க பண்றது 100 மி.மீ. டெஸ்ட். இதுலயே பேப்பர் நனைஞ்சா மேல போக வேண்டாம். நனையலன்னா பைய நல்லா கசக்கி, இழுத்து, திரும்ப ஒரு தடவ தொங்க விடுங்க, அதுலயும் தாங்குனாதான் எனக்கு நிம்மதி. டென்ட் தரைல ஒருத்தர் முட்டி போட்டா வர்ற அழுத்தம் இதவிட பல மடங்கு, அதனாலதான் தரைல தையலே கூடாதுன்னு சொல்றது. தண்ணிக்குள்ள முங்கப் போற ட்ரை பேக் மாதிரி பொருளுக்கு தையல் வேலைக்கே ஆகாது, டி.பி.யு., அதாவது சூட்டுல உருகி ஒட்டற பாலியூரிதேன், கோட்டிங் போட்ட துணி வாங்கி சூடு வெச்சு ஒட்டறதுதான் வழி. பேக்பேக்க வாட்டர்ப்ரூஃப் பண்ண மல்லுக்கட்டறதும் எனக்கு வீண் வேலையாத்தான் படுது, ஜிப், பட்டை, லூப்னு ஆயிரம் தையல் அதுல, பலமா தச்சுட்டு உள்ள ஒரு லைனர் பை போட்டுக்கோங்க.

பழைய டென்ட்டுக்கு தையல் ஒழுகுதுன்னு சீலர் வாங்கப் போறவங்க முதல்ல உள்பக்கத்த தொட்டுப் பாருங்க. பிசுபிசுன்னு விரல்ல ஒட்டி, புளிச்ச வாடை அடிச்சா பி.யு. கோட்டிங்கே ஈரத்துல சிதைஞ்சு போச்சு, ஈரத்தோட சுருட்டி மாசக்கணக்குல வெச்சா நடக்கறது இது. அது மேல பூசற சீலர் அந்த பிசுபிசுப்போட சேர்ந்து உரிஞ்சு வந்துடும். அதுக்கு காசு செலவு பண்ணாம ஜிப், பக்கிள், கம்பி, கயிறு எல்லாத்தையும் கழட்டி எடுத்து வெச்சுக்கோங்க, துணித் துண்டுகள பிரிச்சு தரைல விரிச்சு அளவு எடுத்தா புது டென்ட்டுக்கு பேட்டர்ன் ரெடி.